ஒன்றேகால் லட்சம் கதைகளை யார் படிப்பது? '500 வேர்ட்ஸ்' சிறுகதைப் போட்டி: நிகழ்வு ஆய்வு

பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிறுகதைப் போட்டி அறிவிப்பது எளிது. ஒரு சுற்றறிக்கை, ஒரு கடைசித் தேதி, கேடயத்துக்கு ஒரு நன்கொடையாளர். வேலை முடிந்தது போலத் தோன்றும். கட்டுக்கட்டாகத் தாள் வந்து மேசைமேல் உட்காரும் நாளில்தான் போட்டி உண்மையில் தொடங்குகிறது. இவற்றை யார் படிப்பது? ஒரு கதையை எத்தனை பேர் படிப்பது? படிப்பவர் எதைப் பார்ப்பது? பெரும்பாலான போட்டிகள் இந்த மூன்று கேள்விகளையும் தாள் வந்த பிறகுதான் கேட்கின்றன. அதற்குள் பரிசளிப்பு விழாத் தேதி குறித்தாகியிருக்கும். பிறகென்ன, தமிழாசிரியர் ஒருவரிடம் மூட்டையைக் கொடுத்து, வெள்ளிக்கிழமைக்குள் மூன்று பெயர் கேட்பார்கள்.

இந்தக் கேள்விகளுக்கு முன்கூட்டியே விடை வைத்துக்கொண்டு நடந்த ஒரு போட்டி பிரிட்டனில் உண்டு. அதைப் பிரித்துப் பார்த்து, எது நம் பள்ளிகளில் ஒட்டும், எது அப்படியே எடுத்தால் ஒட்டாது என்று சொல்வதே இங்கே நோக்கம்.

போட்டியின் உடல்

பிபிசி ரேடியோ 2-இல் கிறிஸ் எவன்ஸ் நடத்திவந்த காலை நிகழ்ச்சி 2011-இல் தொடங்கிய போட்டி '500 வேர்ட்ஸ்'. பெயரே விதி. 500 சொல்லுக்கு மிகாத ஒரு கற்பனைக் கதை. தலைப்பு தரப்படாது. 13 வயது வரை கலந்துகொள்ளலாம். 9 வரை ஒரு பிரிவு, 10 முதல் 13 வரை இன்னொரு பிரிவு. ஒரு பிள்ளைக்கு ஒரு கதை. அதைப் பெற்றோரோ ஆசிரியரோ நூலகரோ இணையப் படிவம் வழியாக அனுப்ப வேண்டும்.

2012-இல் வந்த கதைகள் 74,075. 2014-இல் 1,18,632. 2018-இல் 1,34,790. அந்த ஆண்டு ஒவ்வொரு பிள்ளையும் வரம்பு முழுவதையும் எழுதியிருந்தால் மொத்தம் 6 கோடியே 74 லட்சம் சொல் ஆகியிருக்கும். கடைசிச் சுற்றுக்குப் போனவை 50. ஏறக்குறைய 2,700 கதைக்கு ஒன்று.

2018 முடிவில் எவன்ஸ் அந்த வானொலியை விட்டுப் போனார். போட்டி 2020 வரை நடந்து நின்றது. 2023-இல் பிபிசியின் காலைத் தொலைக்காட்சி நிகழ்ச்சி அதை மீண்டும் எடுத்தபோது வயது வரம்பு குறைந்தது: 5 முதல் 7 வரை ஒரு பிரிவு, 8 முதல் 11 வரை இன்னொன்று. திரும்பி வந்த முதல் ஆண்டில் 43,000-க்கும் மேல் கதைகள் வந்தன. முந்தைய உச்சத்தோடு ஒப்பிட்டு விழுந்துவிட்டது என்று சொல்லிவிடக் கூடாது. 12, 13 வயதுப் பிள்ளைகளை வெளியே நிறுத்திவிட்டு எண்ணிய எண்ணிக்கை அது. மூன்றாண்டு இடைவெளியில் பள்ளிகளுக்கு விட்டுப்போயிருந்த பழக்கமும் அதில் சேரும். ஆண்டுதோறும் ஒரே பருவத்தில் வருகிற போட்டிக்குத்தான் ஆசிரியர் தன் பாடத் திட்டத்தில் இரண்டு பீரியட் ஒதுக்கி வைப்பார்.

படிப்பவர்கள்

இந்தப் போட்டியின் முதுகெலும்பு இங்கேதான் இருக்கிறது. முதல் சுற்றைப் படித்தவர்கள் எழுத்தாளர்களோ வானொலிக்காரர்களோ அல்லர். நாடெங்கும் இருந்து தன்னார்வமாகப் பெயர் கொடுத்த ஆசிரியர்களும் நூலகர்களும், ஆயிரக்கணக்கில். அவர்களுக்குப் போன கதையில் பிள்ளையின் பெயரோ பள்ளியோ இராது. அவர்கள் சலித்தெடுத்தவை இரண்டாம் சுற்றில் இன்னொரு முறை சலிக்கப்பட்டன. 50 ஆகக் குறைந்த பிறகே நடுவர் குழுவின் கைக்குக் கதை போயிற்று. ஃபிராங்க் காட்ரெல் பாய்ஸ், மலோரி பிளாக்மன், சார்லி ஹிக்சன், ஃபிரான்செஸ்கா சைமன் என்று நான்கு பேரும் குழந்தைகளுக்கு எழுதிப் பெயர் பெற்றவர்கள். பெரிய பெயர்கள் கடைசிக் கட்டத்துக்கு மட்டும். சலிக்கிற வேலைக்கு, அன்றாடம் அந்த வயதுப் பிள்ளைகளின் எழுத்தைப் படித்துக் கண் பழகியவர்கள். நம் ஊரில் பல இடங்களில் இது தலைகீழ். விருந்தினராக வரும் எழுத்தாளரிடம் முந்நூறு தாளையும் கொடுத்துவிடுவது. அவர் முப்பது படித்தால் பெரிது.

மதிப்பிடச் சொன்ன அளவுகோல் ஐந்து: புதுமை, கதைப்போக்கு, பாத்திரம், மொழி, படிக்கும் இன்பம். எழுத்துப்பிழைக்கும் நிறுத்தற்குறிக்கும் இலக்கணத்துக்கும் மதிப்பெண் இல்லை. ஐந்து வயதுப் பிள்ளையும் எழுதக்கூடிய போட்டியில் வேறு எப்படி வைத்தாலும் பரிசு பெற்றோருக்கே போகும்.

இந்த ஒரு விதியை மட்டும் தமிழுக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்று இரண்டு தொடக்கங்களை வைத்துப் பார்க்கலாம். இரண்டும் எடுத்துக்காட்டுக்காக இங்கே எழுதியவை. ஏழாம் வகுப்புக் கட்டில் தினம் பார்க்கக்கூடியவை.

முதலாவது: "கெணத்துல வாலிய விட்டா பாட்டி. வாலி வந்துச்சு. தன்னி வரல. பாட்டி வாலிகுள்ள பாத்துட்டு, இன்னைக்கும் கோவமா இருக்குன்னு சொன்னா."

இரண்டாவது: "நீரின்றி அமையாது உலகு என்றார் வள்ளுவர். ஓர் ஊரில் ராமு என்ற சிறுவன் வாழ்ந்து வந்தான். அவன் மிகவும் நல்லவன். தினமும் மரங்களுக்குத் தண்ணீர் ஊற்றுவான்."

சிவப்பு மையோடு உட்காருகிற கைக்கு முதல் தாளில் வேலை நிறைய. 'வாளி' மூன்று இடத்தில் 'வாலி' ஆகிவிட்டது. 'தண்ணி' என்பதில் ணகரம் போயிற்று. ஓரிடத்தில் ஒற்று மிகவில்லை. பேச்சு வழக்கில் இருப்பதற்கு வேறு ஒரு வட்டம். பத்துக்கு நான்கு விழும். இரண்டாம் தாளில் சுழிக்க ஒன்றுமில்லை, குறள் வேறு இருக்கிறது, எட்டு. ஆனால் கிணறு கோபமாக இருப்பதாகப் பாட்டி சொன்ன நொடியில் கதை தொடங்கிவிட்டது. என்ன கோபம், யார்மேல், நேற்றும் கோபமாக இருந்ததா என்று படிப்பவர் அடுத்த வரிக்குப் போகிறார். ராமு மிகவும் நல்லவன் என்று சொன்ன பிறகு அவனுக்கு நடக்க என்ன இருக்கிறது?

லகர ளகரப் பிழையைத் திருத்தவே கூடாது என்பதில்லை. பரிசு முடிவான பிறகு, அச்சுக்குப் போகுமுன், பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திருத்தலாம். மதிப்பிடும் மேசையில் சிவப்புப் பேனாவே இருக்கக் கூடாது. படிப்போருக்குப் பென்சில் கொடுங்கள். அதுவும் தனி மதிப்பீட்டுச் சீட்டில் எழுத மட்டும். 'மொழி' என்ற அளவுகோலுக்குப் பக்கத்தில் "சொல் தேர்வும் பேச்சின் இயல்பும் இதில் சேரும்; பிழையற்ற எழுத்து சேராது" என்று அச்சடித்தே கொடுக்க வேண்டும். வாயால் சொன்னால் பத்தாவது தாளில் மறந்துபோகும்.

கதை மேலே போகிறதா, பிள்ளை மேலே போகிறதா

தமிழ்நாட்டின் கலைத் திருவிழா பள்ளியில் தொடங்கி வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று ஏறும். இலங்கையின் தமிழ்மொழித் தினப் போட்டிகளிலும் பாடசாலை, கோட்டம், வலயம், மாகாணம், தேசியம் என்று படிகள் உண்டு. படிப்படியாக ஏறும் போட்டிகளில் ஒவ்வொரு படியிலும் பிள்ளை புதிதாக உட்கார்ந்து எழுதுகிறது. மேலே போவது பிள்ளை. பிரிட்டன் போட்டியில் பிள்ளை வீட்டிலோ வகுப்பிலோ ஒரு முறை எழுதுகிறது. அந்தக் கதைதான் கடைசி வரை போகிறது.

இரண்டும் வேறு வேறு திறனை அளக்கின்றன. மணி அடித்ததும் எழுதத் தொடங்கி அடுத்த மணிக்குள் முடிப்பது ஒரு திறன். அதற்குப் பயிற்சி கொடுக்கலாம், கொடுக்கிறார்கள்: எந்தத் தலைப்புக்கும் பொருந்துகிற ஒரு கதையைப் பிள்ளைக்கு உருப்போட வைத்து, தலைப்புக்கேற்பக் கடைசிப் பத்தியை மட்டும் மாற்றச் சொல்லிக்கொடுப்பது பலரும் அறிந்த உத்தி. எழுதியதை அடித்து, மாற்றி, முடிவை இரண்டு நாள் கழித்துத் திரும்பப் பார்ப்பது இன்னொரு திறன். கதை எழுத வேண்டியது இரண்டாவதுதான். அதற்கு இடம் கொடுத்தால் வேறொரு தொல்லை வரும். பெரியவர் கை உள்ளே நுழையும். அதைப் பிறகு பார்ப்போம்.

தலைப்பு இல்லாததன் பலன்

வந்து குவிந்த கதைகளை ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் ஆண்டுதோறும் கணினியில் அலசி, அந்த ஆண்டின் குழந்தைகள் சொல் என்று ஒன்றை அறிவித்தது. 2014-இல் 'மினியன்' (கார்ட்டூன் படத்தில் வரும் குட்டி உருவம்), 2015-இல் 'ஹேஷ்டேக்', 2016-இல் 'அகதி', 2017-இல் 'டிரம்ப்', 2018-இல் 'பிளாஸ்டிக்', 2019-இல் 'பிரெக்சிட்' (ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகுவது). அகதிகளைப் பற்றி எழுது என்று யாரும் பிள்ளைகளிடம் கேட்கவில்லை. 2015-இல் மத்தியதரைக் கடலைக் கடந்து ஐரோப்பாவுக்கு வந்தவர்களைப் பற்றி வீட்டுத் தொலைக்காட்சி பேசிக்கொண்டிருந்தது. அடுத்த ஆண்டு அந்தச் சொல் கதைக்குள் தானாக வந்தது. பிளாஸ்டிக் ஒழிப்பு என்று தலைப்புக் கொடுத்திருந்தால் ஒரு லட்சம் கட்டுரை வந்திருக்கும். கொடுக்காததால் பிளாஸ்டிக் வருகிற கதைகள் வந்தன.

நம் போட்டிகளில் தலைப்பு பெரும்பாலும் ஓர் அறிவுரையாகவே வருகிறது. மரம் வளர்ப்போம், மழைநீர் காப்போம், மூத்தோரை மதிப்போம். 'போம்' என்று முடிகிற எந்தத் தலைப்பிலும் கதை எழுத முடியாது, ஏனென்றால் முடிவைத் தலைப்பே சொல்லிவிட்டது. பிள்ளைக்கு மிச்சமிருப்பது அந்த முடிவுக்கு ஒரு ராமுவைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்துவது மட்டும். ஏதாவது பிடி கொடுத்தே ஆகவேண்டும் என்றால் பொருளைக் கொடுங்கள், கருத்தைக் கொடுக்காதீர்கள். 'பூட்டு', 'கடைசிப் பேருந்து', 'திரும்பி வந்த கடிதம்' போன்றவை ஓடும். முதல் வரியைக் கொடுப்பதும் ஓரளவு ஓடும். ஆனால் முந்நூறு தாளிலும் ஒரே முதல் வரியைப் படிப்பவருக்கு நாற்பதாவது தாளில் கண் இருட்டும்.

ஐந்நூறு என்பது தமிழில் எத்தனை

அப்படியே எடுத்தால் ஒட்டாத உறுப்பு இது. ஆங்கிலத்தில் 500 சொல் என்பது சின்னக் கதை. ஒரு நிகழ்ச்சி, இரண்டு பாத்திரம், ஒரு திருப்பம். தமிழில் வேற்றுமை உருபும் துணைவினையும் சொல்லோடு ஒட்டிக்கொள்கின்றன. 'நான் பள்ளியிலிருந்து வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன்' என்பது நான்கு சொல். இதையே ஆங்கிலத்தில் சொல்ல ஆறேழு சொல் பிடிக்கும். ஆகவே 500 தமிழ்ச் சொல் கேட்டால் பிரிட்டன் பிள்ளை எழுதியதைவிட நீளமான கதையைக் கேட்கிறோம். ஏழாம் வகுப்புப் பிள்ளை முந்நூறாவது சொல்லில் கதையை முடித்துவிட்டு, மிச்சத்தை நிரப்பத் திருக்குறளைத் தேடும். அதே இறுக்கம் வேண்டுமென்றால் 300 முதல் 350 சொல் என்று வைப்பதே சரி.

எண்ணுவதிலும் சிக்கல் உண்டு. 'போய்விட்டது' ஒரு சொல்லா, 'போய் விட்டது' என்று எழுதினால் இரண்டா? இடைவெளியை வைத்து எண்ணும் கணினிக்கு இரண்டும் வேறு. பிரித்து எழுதுகிற பழக்கம் உள்ள பிள்ளை வரம்பைத் தாண்டிவிடும். சேர்த்து எழுதுகிற பிள்ளைக்குக் கூடுதல் இடம் கிடைக்கும். கையெழுத்துத் தாளில் யார் உட்கார்ந்து எண்ணுவது? எளிய வழி பக்கக் கணக்கு. கோடு போட்ட முழுத்தாளில் சுமார் 25 வரி, வரிக்கு 6, 7 சொல் என்று வைத்தால் பக்கத்துக்கு 150 முதல் 175 வரும். ஆக இரண்டு பக்கம். எல்லாப் பள்ளிக்கும் ஒரே மாதிரி தாளை நாமே கொடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் குறுகிய கோடு, அகலக் கோடு என்று அதிலும் ஏற்றத்தாழ்வு வரும். இரண்டு பக்கத்தைத் தாண்டினால் தாண்டிய இடத்தில் ஒரு கோடு கிழித்து அதுவரை மட்டும் படிக்கலாம். ஒரேயடியாகத் தள்ளுபடி செய்வது பத்து வயதுப் பிள்ளைக்குக் கொடுமை.

எட்டுப் பள்ளிக்கு ஒரு கணக்கு

நூலக வாசகர் வட்டம் ஒன்று சுற்றுவட்டார எட்டுப் பள்ளிகளைச் சேர்த்துப் போட்டி வைப்பதாகக் கொள்வோம். பள்ளிக்கு 40 கதை என்றால் 320. ஒரு கதையை ஒரே ஒருவர் மட்டும் படித்துத் தள்ளிவிடக் கூடாது. குறைந்தது இரண்டு பேர். அப்படியானால் 640 வாசிப்பு. கையெழுத்துக் கதையைப் படித்துச் சீட்டு நிரப்ப 4 நிமிடம். மொத்தம் 2,560 நிமிடம், அதாவது 43 மணி நேரம் போல. ஒருவரிடம் கொடுத்தால் இதுதான் வெள்ளிக்கிழமைக்குள் கேட்கிற வேலை. 16 பேர் இருந்தால் ஆளுக்கு 40 கதை, இரண்டே முக்கால் மணி நேரத்துக்குள் முடியும். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, நடுவில் ஒரு டீ.

தாளை 20 கதை கொண்ட 16 கட்டாக்க வேண்டும். பள்ளிவாரியாகக் கட்டக் கூடாது; சீட்டுக் கட்டுப்போலக் கலக்க வேண்டும். ஒரே பள்ளியின் இருபது தாள் ஒன்றாக வந்தால், அங்கே ஆசிரியர் சொல்லிக்கொடுத்த ஒரே தொடக்கம் இருபதிலும் இருக்கும். படிப்பவர் எரிச்சலில் மொத்தக் கட்டையும் தாழ்த்திவிடுவார். ஒவ்வொரு கட்டும் இரண்டு பேரிடம் போகும். முதலில் படித்தவர் தாளின்மேல் எதையும் எழுதக் கூடாது. ஓரத்தில் ஒரு சின்ன டிக் இருந்தாலும் அடுத்தவரின் கண் அங்கேதான் போகும்.

தொடங்குமுன் எல்லோருக்கும் ஒரே மூன்று கதைகளின் நகலைக் கொடுத்து மதிப்பிடச் சொல்லுங்கள். ஒருவர் 9 போட்டதற்கு இன்னொருவர் 4 போட்டிருப்பார். அதை வைத்துக் கால் மணி நேரம் பேசினால் 'புதுமை' என்றால் என்ன என்பதில் ஓரளவு ஒத்துவரும். முழுக்க ஒத்துவர வேண்டியதில்லை.

அடுத்து வரும் படிதான் பலரும் சறுக்குகிற இடம்: இரண்டு பேரின் மதிப்பெண்ணைக் கூட்டிச் சராசரி எடுப்பது. கிணற்றுக் கதைக்கு ஒருவர் 9, ஒருவர் 4. சராசரி 6.5. யாருக்கும் பிடிக்காமலும் யாரும் வெறுக்காமலும் போகிற ராமு கதைக்கு 7, 7. ராமு ஜெயிப்பான். சராசரி எடுக்கிற எந்தப் போட்டியிலும் இப்படித்தான் பழுதில்லாத கதை முன்னே போய், உயிருள்ள கதை விழும். கைக்கடுமையும் ஆளுக்கு ஆள் வேறு. ஒருவர் 8-க்குக் கீழே இறங்க மாட்டார், ஒருவர் 6-க்கு மேலே ஏற மாட்டார். அதனால் முதல் சுற்றில் எண்ணே வேண்டாம். கட்டிலிருந்து ஆளுக்கு மூன்று கதை எடுக்கட்டும். இருவரில் ஒருவர் எடுத்திருந்தாலே அது இரண்டாம் சுற்றுக்குப் போகும். ஒரு கட்டிலிருந்து குறைந்தது மூன்று, கூடினால் ஆறு. மொத்தம் 48 முதல் 96 வரை வரும். 70 என்று வைத்துக்கொண்டால் இரண்டாம் சுற்றுக்கு நான்கு பேரை வைத்து, ஒவ்வொருவரும் எழுபதையும் படிக்க வேண்டும். அதற்கு ஆளுக்கு ஐந்து மணி நேரம் போல ஆகும். இரண்டு நாளாகப் பிரித்துவிடுங்கள், தொடர்ந்து முப்பதுக்கு மேல் படிக்கிற கண் நம்பத்தக்கதல்ல. இங்கிருந்து 12 கதை. இந்தப் பன்னிரண்டைத்தான் எழுத்தாளர் உள்ளிட்ட மூவர் குழுவிடம் கொடுக்க வேண்டும். அவர்கள் மதிப்பெண் போடாமல், மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசி முடிவெடுக்கட்டும்.

பெயர் மறைப்பதில் வருகிற தவறுகள் சின்னவை, ஆனால் ஆண்டுதோறும் வரும். தாளின் தலைப்பகுதியில் ஒரு துண்டுச் சீட்டு: பெயர், வகுப்பு, பள்ளி. சீட்டிலும் கதைத் தாளின் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரே மறைவெண்ணை எழுதிவிட்டுச் சீட்டைக் கிழித்து உறையில் போட்டு ஒருவர் மட்டும் வைத்திருக்க வேண்டும். முதல் பக்கத்தில் மட்டும் எண் போட்டால் பின் கழன்ற தாள் அனாதையாகிவிடும். கதை முடிவில் 'இப்படிக்கு' என்று பிள்ளை பெயர் எழுதியிருக்கும். கறுப்பு மார்க்கரால் அழித்தால் பின்பக்கம் ஊறும், ஒரு துண்டுத் தாளை ஒட்டிவிடுவது மேல். தலைமையாசிரியர் எல்லாப் பக்கத்திலும் பள்ளி முத்திரை குத்தி அனுப்பியிருப்பார். 'முத்திரை சீட்டில் மட்டும்' என்று சுற்றறிக்கையிலேயே போடாவிட்டால் 40 தாளிலும் பள்ளிப் பெயர் ஊதா நிறத்தில் பளிச்சென்று இருக்கும்.

பெரியவர் கை

பிரிட்டன் போட்டியில் கதை வெளியிலிருந்து வருகிறது. யாரும் பக்கத்தில் நின்று பார்ப்பதில்லை. நம் சூழலில் அம்மா, அக்கா, ட்யூஷன் ஆசிரியர், இப்போது கைப்பேசியில் கேட்டால் எழுதித் தருகிற செயற்கை நுண்ணறிவுச் செயலி என்று உதவிக்கு ஆள் நிறைய. அடையாளம் கண்டுபிடிக்க நிறையப் பேர் பிள்ளைக்குத் தகாத சொல்லைத் தேடுவார்கள். 'ஏக்கம்', 'நிதர்சனம்' என்று இருந்தால் சந்தேகம். அது நம்பகமான வழியல்ல. நிறையப் படிக்கிற பிள்ளை அந்தச் சொற்களைப் போடும், அதற்காகவே தண்டிக்கவும்படும். நம்பகமான அடையாளம் வேறு. பிள்ளை எழுதிய கதையில் எங்காவது தேவையில்லாத ஒரு விவரம் துருத்திக்கொண்டு நிற்கும்: சித்தப்பாவின் பைக்கில் ஒரு கண்ணாடி இல்லை என்பது மாதிரி. பெரியவரும் செயலியும் அதை விட்டுவைக்க மாட்டார்கள். எல்லாம் பயனோடு, வரிசையாக, வழவழவென்று இருக்கும்.

பிடிப்பதைவிட நுழையாமல் பார்ப்பது எளிது. இரண்டு பீரியட் முறை ஓரளவு வேலை செய்யும். என்ன கதை என்று யோசித்து வர முதல் நாளே சொல்லிவிடலாம். அதை வீட்டில் யாரோடும் பேசட்டும். ஒரு நாள் வகுப்பில் ரஃப். அந்தத் தாள் வீட்டுக்குப் போகாது, ஆசிரியரிடமே இருக்கும். இரண்டு நாள் கழித்து அதைத் திரும்பக் கொடுத்து, அடித்துத் திருத்தி, நல்ல தாளில் எழுத இன்னொரு பீரியட். ரஃப் தாளையும் சேர்த்துப் பின் அடித்து அனுப்ப வேண்டும். மதிப்பிடுபவர் அதைப் பார்க்கத் தேவையில்லை. கடைசிப் பன்னிரண்டுக்கு மட்டும் எடுத்துப் பார்த்தால், முதலில் என்ன முடிவு எழுதியிருந்தது, எங்கே மாறிற்று என்று தெரியும். சந்தேகம் இருந்தால் பிள்ளையை அழைத்து, இந்தக் கதையில் எந்த இடத்தை எழுதத்தான் கஷ்டப்பட்டாய் என்று கேட்கலாம். எழுதிய பிள்ளை ஐந்து நிமிடம் நிறுத்தாமல் பேசும்.

பரிசு

பரிசு வேடிக்கையானது, யோசித்தும் வைத்தது. எவன்ஸ் காலத்தில் தங்கப் பரிசு பெற்ற பிள்ளைக்கு அவர் உயரத்துக்குப் புத்தகம்; பள்ளி நூலகத்துக்கு 500 புத்தகம். வெள்ளிக்கு, போட்டியோடு கௌரவ நடுவராகச் சேர்ந்திருந்த, இப்போது பிரிட்டன் அரசியான கமீலாவின் உயரம். வெண்கலத்துக்கு அந்தப் பிள்ளையின் உயரமே. இறுதி நிகழ்ச்சியில் வென்ற கதைகளைப் பேர்பெற்ற நடிகர்கள் நேரலையில் வாசித்தார்கள். 2015-இல் புனித ஜேம்ஸ் அரண்மனை, 2016-இல் ஷேக்ஸ்பியரின் குளோப் நாடக அரங்கு, 2017-இல் லண்டன் கோபுரம், 2018-இல் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனை என்று இடமும் பெரிதாகவே இருந்தது.

உயரக் கணக்கை இங்கே போடுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே ஒரு பிள்ளைகள் நாவல் ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் தடிமன்; 140 சென்டிமீட்டர் உயரத்துக்கு எழுபது, தொண்ணூறு போதும். நம் சிறுவர் புத்தகம் 24 பக்கம், நடுவில் பின், இரண்டு மில்லிமீட்டர். அதே உயரத்துக்கு 700 வேண்டும். வாசகர் வட்டத்தின் பணப்பை தாங்காது. ஒரு முழம் உயரம் என்று வைத்துக்கொண்டாலும் பிள்ளையின் முகம் மலரத்தான் செய்யும். பள்ளி நூலகத்துக்கும் ஒரு பங்கு என்ற பகுதியை மட்டும் விட்டுவிடக் கூடாது. அடுத்த ஆண்டு அந்த ஆசிரியர் பீரியட் ஒதுக்குவது அதனால்தான். டிபன் பாக்ஸ் கொடுக்கிற வழக்கத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அதில் சோறு கொண்டுபோகலாம்.

நடிகர் வேண்டாம். காலை வணக்கக் கூட்டத்தில் நன்றாக வாசிக்கத் தெரிந்த மேல்வகுப்பு மாணவி ஒருத்தி மைக் முன் நின்று வாசித்தால் போதும். எழுதிய பிள்ளையையே வாசிக்கச் சொல்லாதீர்கள். படபடப்பில் ஓடிவிடும், கதை யாருக்கும் கேட்காது. வாசிப்பவருக்கு இரண்டு நாள் முன்பே தாள் போய்ச் சேர வேண்டும். இரண்டு பக்கக் கதை சத்தம் போட்டு வாசிக்க மூன்று நிமிடம் பிடிக்கும். பேச்சு வழக்கில் எழுதிய வரியை எழுத்து வழக்குக்கு மாற்றி வாசிக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் பாட்டி "இன்றும் கோபமாக இருக்கிறது" என்பாள்.

அச்சில் போடுவதற்கும் இணையத்தில் ஏற்றுவதற்கும் பெற்றோர் கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும். சுற்றறிக்கையோடு ஒரு சீட்டு போனால் வேலை முடிந்தது. பெயரும் வகுப்பும் போதும். கைப்பேசி எண்ணும் முகவரியும் படத்தோடு சேர்ந்து வெளியே போகக் கூடாது.

மிச்சம் 317 தாள். பரிசளிப்பு முடிந்த மறுநாள் அவை நாற்காலிகளோடு சேர்ந்து மூலைக்குப் போய்விடும், மழைக்காலத்தில் கரையான் பிடிக்கும். மறைவெண் உறையைப் பிரித்து, சீட்டையும் தாளையும் சேர்த்து, பள்ளிவாரியாகக் கட்டித் திருப்பி அனுப்ப இரண்டு பேருக்கு அரை நாள் ஆகும். படித்தவர் இருவரும் மதிப்பீட்டுச் சீட்டில் எழுதிய வரிகளில் நல்லதாக ஒன்றைப் பென்சிலால் தாளின் பின்பக்கம் எழுதி அனுப்பலாம். 'வாளிக்குள் பாட்டி பார்க்கிற இடம் பிடித்தது' என்பது போல, எந்த இடம் என்று சொல்லி. 'நன்று, முயற்சி செய்க' என்று எழுதுவதற்கு எழுதாமலே விடலாம்.